அம்மாவின் பதிலுக்கு முப்பத்தைந்து டாலர்

ஒரகடத்தில் கடல் இல்லை. கிழக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் அலை. ஆனால் நான் எட்டு வருடம் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் கடல் இருந்தது. ஆறு பேர் படுக்கும் அறையில் நாலு பேர் கடலோரத்துப் பிள்ளைகள். நான் எண்ணூர்ப் பக்கம், ஒருத்தி பாம்பன், ஒருத்தி நாகப்பட்டினம், ஒருத்தி தூத்துக்குடி. ஊருக்குப் போய்த் திரும்பினால் ஆளுக்கொரு கருவாட்டுப் பொட்டலம் வரும். கவிச்சி அடிக்கிறது என்று காப்பாளர் அக்கா சத்தம் போடுவார். ராத்திரி அவரும் ஒரு துண்டு கேட்பார்.

கடற்கரையை விட்டு ஏன் இங்கே வந்தீர்கள் என்று யாராவது கேட்டால் நாலு பேரும் ஒரே பதில்தான் சொல்வோம். "கடல்ல ஒண்ணும் இல்லக்கா." அப்பா சொன்னது அது, அண்ணன் சொன்னது அது. அதையே நாங்களும் சொன்னோம். ஏன் ஒன்றும் இல்லாமல் போனது என்று எங்களில் ஒருத்திக்கும் சொல்லத் தெரியாது.

சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 1947இல் தொடங்கி மண்டபத்தில் வேர்விட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பள்ளிக்கரணையில், 1993இல் தொடங்கிய தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்கேயே தேசியக் கடலோர ஆய்வு மையமும் இருக்கிறது. பல்கலைக்கழகங்களின் கடல் உயிரியல் துறைகள், தொண்டு நிறுவனங்கள், வெளிநாட்டு ஆய்வு மாணவர்கள் என்று நம் கரைக்கு வந்து போகாதவர்கள் இல்லை. எங்கள் கடலைப் பற்றி எங்களைத் தவிர மற்ற எல்லாருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த அநியாயத்தைப் பற்றியது.

*

என் அம்மா எறா பிடிப்பவர். படகு கிடையாது, வலை கிடையாது. கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றில் கை விட்டுத் துழாவி, அகப்பட்ட எறாவை வாயில் கடித்திருக்கும் ஓலைப் பறியில் போடுவார். நான் கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆய்வுக் குழு எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தது. மூன்று நாள். எந்த மாதம் எந்த எறா, எந்தச் சேற்றில் எது, ஏற்றத்தில் எங்கே, வற்றத்தில் எங்கே, அனல்மின் நிலையத்தின் சுடுதண்ணீர் வந்த பிறகு எது எது போயிற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அம்மா மணலில் விரலால் ஆற்றை வரைந்து காட்டினார். அதைப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளில் அவரிடம் கைநாட்டு வாங்கினார்கள். பாட்டில்களில் தண்ணீரும் சேறும் அள்ளிக்கொண்டார்கள்.

கிளம்பும்போது அம்மா கேட்டது ஒன்றுதான். "எறா ஏன் கொறஞ்சிபோச்சின்னு தெரிஞ்சிதுன்னா வந்து சொல்லுப்பா."

"கண்டிப்பாம்மா."

யாரும் வரவில்லை. ஆறு வருடம் கழித்து, ஆலைக் கேன்டீனில் மதியச் சாப்பாட்டு இடைவேளையில், போனில் எதையோ தேடப்போய் அந்தக் கட்டுரை கண்ணில் பட்டது. வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்று நடத்தும் இதழ். தலைப்பும் பத்து வரிச் சுருக்கமும் இலவசம். முழுதும் படிக்க முப்பத்தைந்து டாலர். அன்றைக்கு எனக்கு அது ஐந்து நாள் சம்பளம்.

ஒரு தோழி வேறு வழியில் எடுத்துக் கொடுத்தாள். என் அம்மா அதில் 'உள்ளூர்த் தகவலாளி' ஆகியிருந்தார். மணலில் வரைந்த ஆறு, படம் இரண்டு ஆகியிருந்தது. அடுத்த பக்கத்தில் ஒரு அட்டவணை. அந்தச் சேற்றில் என்னென்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று துல்லியமாக எழுதியிருந்தார்கள். உடலுக்குத் தீங்கு வரலாம், மேலும் ஆய்வு தேவை என்றும் முடித்திருந்தார்கள். அந்த ஆறு வருடமும் என் அம்மா அந்தச் சேற்றில்தான் நின்றுகொண்டிருந்தார்.

அந்த ஆய்வாளர்கள் பொய் சொன்னவர்கள் இல்லை, திருடர்களும் இல்லை. அவர்கள் துறையின் விதிப்படி எல்லாவற்றையும் சரியாகச் செய்தார்கள். என் கோபம் அந்த விதியின்மேல்தான். கட்டுரை அச்சேறினால் ஆய்வு முடிந்தது என்று சொல்கிறது அந்த விதி. கேள்விக்குப் பதில் சொன்னவள் அந்தப் பதிலைக் கேட்க வேண்டும் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

*

இதைப் பற்றிப் பேசினால் நகரத்து நண்பர்கள் "அதுதான் இப்போது திறந்த அணுக்கம் வந்துவிட்டதே" என்கிறார்கள். அதாவது பொதுப்பணத்தில் நடந்த ஆய்வைக் காசில்லாமல் யாரும் படிக்கலாம் என்கிற கொள்கை. கொள்கை இருப்பது உண்மை. ஒன்றிய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரிலேயே, தங்கள் பணத்தில் நடக்கும் ஆய்வுகளின் கட்டுரைகளைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று அறிவித்தன. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தன் வெளியீடுகளை இணையக் களஞ்சியத்தில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. அதை நான் பாராட்டுகிறேன். பல ராத்திரி அதில் தேடிப் படித்திருக்கிறேன். 2021 நவம்பரில் யுனெஸ்கோ திறந்த அறிவியலுக்கான பரிந்துரையை ஏற்றது. அறிவியல் சமூகத்துக்கு வெளியே இருப்பவர்களோடு உரையாடுவதும் அறிவியலின் வேலைதான் என்கிறது அந்தப் பரிந்துரை.

அப்புறம் 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். யார் படிக்கலாம்? முதற்கட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவனங்களும் அரசு ஆய்வு நிறுவனங்களும். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி ரோட்டுக்கு ரோடு நிற்கும் தனியார் பொறியியல் கல்லூரிகளில் கடன் வாங்கிப் படிக்கும் மாணவிகளுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. படிப்பை முடித்துவிட்டு ஆலை வரிசையில் நிற்கும் எனக்கும் இல்லை. என் அம்மாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். நம் ஆய்வாளர்கள் நம் வரிப்பணத்தில் எழுதியதை, நம் வரிப்பணத்தையே கொடுத்து வெளிநாட்டுப் பதிப்பகத்திடமிருந்து திரும்ப வாங்குகிறோம். வாங்கிய பிறகும் அது பூட்டியே இருக்கிறது. சாவி மட்டும் கொஞ்சம் கூடுதல் பேரிடம் இருக்கிறது.

பூட்டை உடைத்தவள் ஒரு பெண். கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா எல்பாக்யான் 2011இல் தொடங்கிய சை-ஹப் தளத்தை எதிர்த்து மூன்று பெரிய பதிப்பாளர்கள் 2020இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை முடக்க உத்தரவு வந்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஏழை நாட்டு மாணவி ஒருத்தி ஏன் அந்தத் திருட்டுக் கதவைத் தட்டினாள் என்கிற கேள்வியை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை.

சரி, நாளைக்கே எல்லாக் கட்டுரையும் இலவசமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது ஆங்கிலத்தில் இருக்கும். எறாவுக்கு லத்தீன் பெயர் இருக்கும். 'உயிர்த்திரள்', 'பன்மைக் குறியீடு' என்று இருக்கும். கதவைத் திறந்துவிட்டு, படியை எடுத்துவிட்டால் யார் ஏறுவது? ஆங்கிலம் தெரிந்தவன் ஏறுவான். மீன் பதப்படுத்தும் கம்பெனி ஏறும், துறைமுகக் கம்பெனியின் ஆலோசகர் ஏறுவார். பறி கடித்த பெண் கீழேயே நிற்பாள்.

*

பாம்பன் தோழியின் வீட்டுக் கதை இதைவிடக் கசப்பானது. அவள் பாட்டியும் அம்மாவும் பாசி எடுப்பவர்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூழ்கி, கையால் பறித்து, சாக்கில் கட்டிக்கொண்டு வருவார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பாசிக்கு ஒரு பெயரும் பருவமும் வைத்திருப்பார்கள். 1986இல் அந்த 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆயின. மூழ்கியவள் அத்துமீறியவள் ஆனாள். வனத்துறை பிடித்தது, பாசியைப் பறித்தது, அபராதம் போட்டது.

வெளிநாட்டுப் பாசி ஒன்றை 1990களில் நம் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தது. கப்பாபைகஸ் என்று பெயர். 2000க்குப் பிறகு பெப்சி நிறுவனம் அதை ஒப்பந்தச் சாகுபடியாக எடுத்தது. இதை மிதவையில் கட்டி வளருங்கள், தீவுக்குப் போக வேண்டியதில்லை, நல்ல காசு என்று சுயஉதவிக் குழுப் பெண்களிடம் சொன்னார்கள். வளர்த்தார்கள். 2008இல் குருசடைத் தீவின் பவளப்பாறைகளை இதே பாசி மூடிக்கொண்டிருக்கிறது என்று மதுரை ஆய்வாளர்கள் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். விஞ்ஞானிகளுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. வளர்த்த பெண்களின் காதுக்கு அது 'உங்க பாசிதான் பவளத்தைக் கொல்லுதாம்' என்று ஒரு பழியாக மட்டும் வந்து சேர்ந்தது. அப்புறம் ஒரு சமயம் வளர்த்த பாசி மொத்தமாகச் செத்தது, சாகுபடி சரிந்தது. இப்போது மறுபடி பாசி வளர்ப்பு அரசுத் திட்டமாகி, ராமநாதபுரம் மாவட்டத்துக்குக் கடற்பாசிப் பூங்கா வந்திருக்கிறது.

வளர் என்றது அறிவியல். ஆபத்து என்றது அறிவியல். மறுபடி வளர் என்பதும் அறிவியல். ஒரு தடவையாவது அந்தப் பெண்களை உட்காரவைத்து, எங்களுக்குத் தெரிந்தது இது, தெரியாதது இது, லாபம் இவ்வளவு, பவளம் போனால் மீனும் போகும், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டாமா? 'கரண்ட் சயின்ஸ்' காசு கேட்காத இதழ்தான். திறந்துதான் இருந்தது. பாம்பனுக்கு மட்டும் திறக்கவில்லை.

இத்தனைக்கும் அந்தப் பெண்கள் அறிவியலுக்கு வெளியே நிற்பவர்கள் இல்லை. மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் எடுப்பது, இரும்புச் சுரண்டியைத் தொடாமல் கையால் மட்டும் பறிப்பது என்று அவர்களே பேசிக் கட்டுப்பாடு வைத்தார்கள். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. கலிபோர்னியா வரை போய் வாங்கினார். அமெரிக்காவில் அவர் கடல் பாதுகாவலர். இங்கே தீவுப் பக்கம் போனால் அவர் குற்றவாளி. கடலைப் பற்றி முடிவெடுக்கும் நம் குழுக்களில் அவரைப் போன்றவர்களுக்கு எத்தனை நாற்காலி போட்டிருக்கிறோம்?

*

இப்போது ஒரகடத்துக்கே வருகிறேன். இங்கே கடல் இல்லை என்று முதலில் சொன்னேன். பாதி உண்மை.

ஸ்ரீபெரும்புதூர் ஏரி நிறைந்தால் தண்ணீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. செம்பரம்பாக்கம் திறந்தால் அடையாறு. ஒரகடம், ஒரத்தூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் மிகைநீரும் அடையாற்றுக்கே போகிறது. அடையாறு கடலில் விழும் இடத்தில் ஊரூர் குப்பம் இருக்கிறது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது இந்த வழி ஊருக்கே தெரிந்தது. மற்ற நாளில் இந்த வழியாக என்ன போகிறது என்று மட்டும் தெரிவதில்லை. இங்கே நாங்கள் கோக்கும் கார்கள் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் கப்பல் ஏறுகின்றன. நான் இங்கே திருகும் திருகாணி, என் அம்மாவின் ஆற்று வாயில் வழியாகத்தான் வெளிநாடு போகிறது. இந்தத் தொழிற்பேட்டையும் கடலோரம்தான்.

ஆனால் இங்கிருக்கும் பெண்களிடம் யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை என்று சட்டமே ஏற்பாடு செய்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்குக் கொடுக்கிறது. வாகனங்களைக் கோக்கும் ஆலைகள் அந்த அறிவிக்கையின் பட்டியலிலேயே இல்லை. ஆலைக்கு உள்ளே, நான் கழிப்பறையில் எத்தனை நிமிடம் இருந்தேன் என்பதற்குப் பதிவேடு உண்டு. ஒரு பாகம் பழுதானால் எந்த ஷிஃப்ட், எந்த மெஷின், எந்தக் கை என்று அடுத்த ஷிஃப்ட் தொடங்கும் முன் பலகையில் எழுதியாக வேண்டும். நான் தரப் பரிசோதனையில் இருந்தவள், எழுதியவள் நான்தான். அதே வளாகத்தின் குழாயிலிருந்து என்ன வெளியே போகிறது என்பதற்கு ஒரு பலகை கிடையாது. ஆலைக் கழிவின் அளவுகளை உடனுக்குடன் மக்கள் பார்க்கும்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தளத்தில் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் சொன்னது. இதைப் படிக்கும் மாணவிகள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஆலையின் இன்றைய அளவைத் தேடிப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் கிடைத்தது, தமிழில் கிடைத்ததா என்று குறித்து வையுங்கள்.

கடலோரத்தில் கருத்துக் கேட்பு உண்டே என்றால், அதன் லட்சணத்தையும் பாருங்கள். நூற்றுக்கணக்கான பக்கம் போகும் அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். சுருக்கம் மட்டும் தமிழில். முப்பது நாள் அவகாசம். கடல்நீரோட்டம், மணல் அரிப்பு, மீன்வளம் என்று அந்த அறிக்கையில் இருக்கும் எல்லாக் கடல் ஆய்வுக்கும் பணம் கொடுப்பவர் திட்டத்தைக் கொண்டுவருபவர். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரியில் கருத்துக் கேட்பு அறிவித்தார்கள், தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பரில் மறுபடி அறிவித்தார்கள், மறுபடி தள்ளிவைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் பழவேற்காட்டிலிருந்து எண்ணூர் வரை பெண்கள் வேலையை விட்டுவிட்டு, யாரையாவது பிடித்து அந்த அறிக்கையைப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது. 2020இல் புதிய அறிவிக்கையின் வரைவை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளிலும் வெளியிடுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னபோது, ஒன்றிய அரசு மொழிபெயர்ப்பாளரைத் தேடவில்லை. உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு உள்ளூர் மொழியைக் கருத்தில் கொண்டு தகவலைப் பரப்ப வேண்டும் என்று 2005 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது.

*

இதற்கு அவர்களிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. மக்களுக்கு விவரம் புரியாது, அரைகுறையாகத் தெரிந்தால் பீதி பரவும்.

பீதி எதனால் பரவும் என்று இந்தச் சாலைக்குத் தெரியும். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். யார் எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று உடன் வேலை செய்தவர்களுக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. செத்துப்போய்விட்டார்கள் என்று செய்தி பரவியது. ராத்திரியோடு ராத்திரியாகப் பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். செத்ததாகச் சொன்னது பொய் என்று பின்னால் தெரிந்தது. அந்தப் பொய்யை வளர்த்தது அந்தப் பெண்களின் அறியாமை இல்லை. சொல்ல வேண்டியவர்கள் காத்த மௌனம்.

கடலிலும் அதுதான் நடந்தது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது, முதலில் பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். கரைக்கு வந்த கறுப்புச் சேற்றை வாளியில் அள்ளிய பிறகுதான் அளவு தெரிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியின் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எங்கள் ஆற்றை மூடியபோது, எந்த மீன் உண்ணலாம், எது கூடாது, எத்தனை நாளைக்கு என்று பெண்களுக்குச் சொல்ல ஒருவரும் கரையில் நிற்கவில்லை. "எண்ணூர் மீனா? வேணாம்மா" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். எண்ணெய் படாத நாட்டு மீனும் அழுகியது. அந்த நஷ்டம் யார் தலையில் விழுந்தது? படகைக் கணக்கெடுக்க நம் அரசுக்குத் தெரியும். பறியையும் கூடையையும் கணக்கெடுக்கத் தெரியாது.

இங்கே நான் ஒரு சிக்கலை மறைக்க விரும்பவில்லை. ஆய்வு முடிவு வெளியே வந்தால் முதல் அடி விழுவது மீன் விற்கும் பெண்மேல்தான். சேற்றில் உலோகம் என்று நாளை காலை பத்திரிகையில் வந்தால், அன்று மத்தியானம் என் அம்மாவின் எறாவை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் மறைத்துவிடலாமா? எங்கள் குப்பத்து ஆண்களே சிலர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். விற்காமல் போகும் ஒரு கூடை எறாவுக்கு அழுவதா, அதைத் தினமும் தின்னும் பிள்ளைகளுக்கு அழுவதா என்று எங்கள் பெண்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதே கொடுமை. வழி ஒன்றுதான். பத்திரிகைக்குப் போகும் முன், இதழுக்குப் போகும் முன், ஆய்வு முதலில் கரைக்கு வர வேண்டும். நஷ்டஈட்டுக்கும் வைத்தியப் பரிசோதனைக்கும் அந்த ஆய்வே சாட்சியாக நிற்க வேண்டும். முடிவை வெளியிட்டுவிட்டு, விளைவை விற்பவள் தலையில் கட்டிவிட்டுப் போவதற்குப் பெயர் பொறுப்பான ஆய்வு இல்லை.

இன்னொன்றும் எங்கள் வீட்டுக்குள்ளேயே சொல்லிக்கொள்ள வேண்டும். 'மக்கள் பங்கேற்பு' என்று ஆய்வாளர்கள் வந்தால் நேரே ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போகிறார்கள். எங்கள் பக்கத்தில் மீன்பிடிப் பாடு தலைக்கட்டுக் கணக்கில் பிரிகிறது. தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். பெண்ணுக்குப் பாடு இல்லை, கூட்டத்தில் பேச்சும் இல்லை. அவள் நிற்கும் சேறு யார் கணக்கிலும் வராது. நாலு நாட்டாரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு 'சமூகத்தைக் கலந்தோம்' என்று எழுதும் ஆய்வும், பெண்களை ஓரத்தில் நிறுத்தும் பஞ்சாயத்தும் ஒரே பாய்முடைந்த கைதான்.

*

முடியாததையா கேட்கிறோம்? முடிந்திருக்கிறது. புதுச்சேரிக் கரையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வைத்த கிராமத் தகவல் மையங்களில் அலை உயரத்தை ஒலிபெருக்கியில் தமிழில் படித்தார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாடு கிராமம் அந்த ஒலிபெருக்கியால்தான் தப்பித்தது. சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது, மைக்கைப் பிடித்தார்கள், ஊர் மேடேறியது. அறிவு ஊர்க்குரலில் வந்ததால் உயிர் பிழைத்தார்கள். இன்றைக்கும் ஹைதராபாத்தின் கடல் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் காட்டும் கடல்மேல் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்து, மீன் கூடும் இடத்தைக் கணித்துத் தமிழில் அனுப்புகிறது. நல்ல வேலை. ஆனால் அது எஞ்சின் வைத்த படகுக்கான தகவல். ஆற்றுவாயில் இன்று இறங்கலாமா, சுடுதண்ணீர் எவ்வளவு, சேற்றில் என்ன என்று பறி கடித்தவளுக்கு ஒரு குறுஞ்செய்தி இல்லை. ஆண் எங்கே நிற்கிறான் என்று பார்த்துத்தான் செயற்கைக்கோளும் பேசுகிறது. கடலுக்கு அடியில் 6,000 மீட்டர் ஆழத்துக்கு ஆளை அனுப்ப 'மத்ஸ்யா' வாகனம் செய்கிறோம். ஆழ்கடல் இயக்கத்துக்கு 4,077 கோடி ரூபாய் ஒதுக்கினோம். அந்த வாகனத்தை 2025 தொடக்கத்தில் தண்ணீரில் இறக்கிச் சோதித்தது எங்கள் காட்டுப்பள்ளியில்தான். ஆறாயிரம் மீட்டர் இறங்கத் தெரிந்த அறிவியலுக்கு இடுப்பளவு தண்ணீரில் இறங்கத் தெரியாதா?

அதனால் நாங்கள் கேட்பது இது. எங்கள் கரையில் நடக்கும் எந்தக் கடல் ஆய்வும், என்ன கேள்வி கேட்கப்போகிறோம் என்பதை எறா பிடிக்கும், பாசி எடுக்கும், மீன் விற்கும் பெண்களோடு உட்கார்ந்து முடிவு செய்யட்டும். சம்மதத் தாள் தமிழில் இருக்கட்டும். படித்துக் காட்டிய பிறகு கைநாட்டு வாங்கட்டும். முடிவு அச்சேறும் முன் எங்கள் தெருவில், எங்கள் பேச்சில் சொல்லட்டும். அதற்கான செலவை ஆய்வு நிதியிலேயே ஒதுக்கட்டும். ஒதுக்காத திட்டத்துக்கு நிதி கொடுக்காதீர்கள். எங்கள் அறிவை எடுத்தால் 'தகவலாளி' என்று ஒதுக்காமல், சம்மதித்தவர்களின் பெயர் போடுங்கள். எங்களிடம் எடுத்த எல்லாவற்றையும் உலகத்துக்குத் திறந்துவிடும் உரிமையும் உங்களுக்கு இல்லை. எந்தப் பாசி எங்கே கிடைக்கும் என்று நாங்கள் சொன்னது நாளை கம்பெனியின் வரைபடம் ஆகக்கூடாது. எதைத் திறப்பது, எதை மூடுவது என்பதில் எங்களுக்கும் வாக்கு வேண்டும். தொழிற்பேட்டைக்குக் கொடுத்த விலக்கை எடுங்கள். ஆலைக் குழாயின் அளவை ஆலை வாசலிலேயே தமிழில் எழுதிப்போடுங்கள். எங்கள் உற்பத்தி இலக்கை எழுதும் அதே பலகை போதும்.

இதைப் படிக்கும் மாணவிகளில் யாராவது நாளை ஆய்வு செய்யப் போவீர்கள். எங்கள் திண்ணையில் வந்து உட்காருவீர்கள். டீ கொடுப்போம், எல்லாம் சொல்லுவோம். கிளம்பும்போது "வந்து சொல்லும்மா" என்று கேட்போம். கட்டுரை அச்சாகிப் பட்டம் வாங்கிய பிறகு, ஒரு நாள் பஸ் ஏறித் திரும்பி வாருங்கள்.

நான் அந்தக் கட்டுரையைத் தமிழில் எழுதி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. உலோகக் கணக்கைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் நான் சொன்ன ஒரு இடத்தை நிறுத்தி, "அது தப்பு" என்றார். "வெள்ளை எறா அங்க கெடையாது. நான் வடக்காலன்னு சொன்னேன், அவன் தெக்காலன்னு எழுதிக்கினான்."

உலகம் முழுக்க அந்தத் தப்பு இன்னும் முப்பத்தைந்து டாலருக்கு விற்கிறது. திருத்தத் தெரிந்த ஒரே ஆளிடம் யாரும் கேட்கவில்லை.